கையெழுத்து இடும் முன்னர்

உயில், பாகம், கிரயம் என்பன முதியோர் பேசும் பேச்சு. மாணவராகிய நமக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணுவோர் நம்மில் பலர். பட்டம் பெற்று, வேலையில் அமர்ந்து, வீடு வாங்கும் காலம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் சட்டம் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. 1875-ஆம் ஆண்டின் வயதடைவுச் சட்டப்படி 18 வயது நிறைந்த அன்றே நாம் முழுப் பொறுப்புடைய குடிமக்கள் ஆகிவிடுகிறோம். அன்று முதல் நம் கையெழுத்துக்கு விலை உண்டு. தேர்வுத் தாளில் நாம் இடும் கையெழுத்தே, ஒரு பத்திரத்தின் அடியில் விழுந்தால், ஒரு வீட்டை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றிவிடும் ஆற்றல் உடையது.

நாமோ ஊரை விட்டு வெகுதொலைவில், தில்லியில் படிக்கிறோம். ஊரில் பாட்டனார் இறந்தார் என்றால் இரண்டு நாள் சென்று வருகிறோம். பிறகு சில திங்கள் கழித்து ஒரு தாள் வருகிறது. 'இதில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மற்றவற்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிறார்கள். பெரியவர்கள் சொல்லும்போது படித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று கருதி நாமும் கையெழுத்து இட்டுவிடுகிறோம். இது மரியாதை அன்று, அறியாமை. என்ன தாள், அதனால் எவருடைய உரிமை எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு கையெழுத்து இடுவதே பெரியவர்களுக்கும் நன்மை, நமக்கும் நன்மை. அதற்கு வேண்டிய சில செய்திகளை இங்கே காண்போம்.

உயில் இல்லாவிட்டால்

ஓர் எடுத்துக்காட்டு. திருச்சியில் ஒரு பெரியவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு வீடு கட்டினார். இதைச் சுயார்ஜிதம் என்பார்கள். அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அவர் மனைவி இருக்கிறார். மூத்த மகன் தந்தைக்கு முன்னரே இறந்துவிட்டார். அந்த மகனுக்கு மனைவியும், தில்லியில் படிக்கும் ஒரு பையனும், ஒரு பெண்ணும் உண்டு. இளைய மகன் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறார். ஒரே மகள் பல ஆண்டுகளுக்கு முன்பே மணமாகிக் கோவைக்குச் சென்றுவிட்டார்.

ஊர்ப்பேச்சு என்ன சொல்லும்? 'வீடு சித்தப்பாவுக்கு. அத்தைக்குத்தான் சீர்வரிசை செய்தாயிற்றே! பாட்டிக்கு ஒரு வேளைச் சோறு போட்டால் போதாதா?' இவ்வாறு பேசுவோர் கெட்டவர்கள் அல்லர். வழக்கம் அவர்களை அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வேறு கணக்குச் சொல்கிறது. பாட்டிக்கு நான்கில் ஒரு பங்கு. சித்தப்பாவுக்கு நான்கில் ஒரு பங்கு. அத்தைக்கு நான்கில் ஒரு பங்கு. இறந்துபோன மூத்த மகனின் கிளைக்கு நான்கில் ஒரு பங்கு. அந்தக் கடைசிப் பங்கை அவர் மனைவி, மகன், மகள் மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். ஆகவே தில்லியில் படிக்கும் பையனுக்கு உரியது பன்னிரண்டில் ஒரு பங்கு. அவன் தங்கைக்கும் அதே பன்னிரண்டில் ஒரு பங்கு. மணமானவள், மணமாகாதவள் என்ற வேறுபாடு இதில் இல்லை. சீர் செய்தோம் என்பதால் பங்கு குறைவதும் இல்லை. பாட்டிக்கு வரும் பங்கும் சோற்றுக்கு மட்டும் ஆன உரிமை அன்று. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி அது அவருக்கு முழு உரிமை. அவர் அதை விற்கலாம், கொடுக்கலாம், உயில் எழுதலாம்.

தந்தை வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்த பிதிரார்ஜிதக் கூட்டுக் குடும்பச் சொத்தில் முன்பு பெண்களுக்குப் பிறப்புரிமை இல்லை. தமிழ்நாடு இதை 1989-இல் மாற்றியது. எனினும் அந்த ஆண்டு மார்ச் 25-ஆம் நாளுக்கு முன் மணமான பெண்களுக்கு அந்த மாற்றம் பயன்படவில்லை. 2005-இல் நாடு முழுவதற்கும் செய்யப்பட்ட திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பினாலேயே உரிமை உண்டு என்றது. 'திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமோ?' என்று எழுந்த ஐயத்தையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்துவைத்தது, இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 2004 டிசம்பர் 20-ஆம் நாளுக்கு முன்னரே முறைப்படி நடந்து முடிந்த பாகப் பிரிவினைகளை இத் திருத்தம் கலைப்பதில்லை.

மேலே சொன்ன கணக்கு இந்துக்களுக்கும், அச்சட்டத்திற்கு உட்பட்ட பௌத்தர், சமணர், சீக்கியர்க்கும் உரியது. கிறித்தவர்க்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயிலின்றிக் கணவர் இறந்து பிள்ளைகளும் இருப்பின், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்கும் சேரும். முஸ்லிம்களுக்கு அவர்கள் சமயச் சட்டம். ஆதலின் எல்லார் வீட்டுக் கணக்கும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

உயில் எழுதுவது எளிது

பாட்டனார் உயில் எழுதியிருந்தால் இத்தனை பங்காளிகள் வந்திருக்க வேண்டியதில்லை. நம்மவர் உயில் எழுதத் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, உயில் என்றாலே சாவைக் கூப்பிடுவது என்ற அச்சம். மற்றொன்று, அதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்ற எண்ணம். முதலாவதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. இரண்டாவது உண்மை அன்று.

உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டுவதில்லை. வெள்ளைத் தாளே போதும். எந்த மொழியிலும் எழுதலாம். எழுதுபவர் 18 வயது நிரம்பியவராகவும் தெளிந்த அறிவுடையவராகவும் இருக்க வேண்டும். அவர் கையெழுத்தோ கைந்நாட்டோ இட வேண்டும். இரண்டு சாட்சிகளாவது வேண்டும். ஒவ்வொரு சாட்சியும் அவர் கையெழுத்து இடுவதைக் கண்டிருக்க வேண்டும்; அல்லது 'இது என் கையெழுத்தே' என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையிலேயே தம் கையெழுத்தை இட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் உடன் இருக்க வேண்டும் என்பதில்லை. இவ்வளவே சட்டம் கேட்பது.

சட்டம் கேட்காவிடினும் அறிவுடைமை கேட்பவை சில உள்ளன. சொத்துப் பெறுபவரோ அவர் கணவர் மனைவியோ சாட்சியாக வேண்டாம். சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும். ஏனெனில் பிற்காலத்தில் வழக்கு வந்தால் ஒரு சாட்சியேனும் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருக்கட்டும். முதுமையிலோ நோயிலோ எழுதுவதாயின் மருத்துவர் ஒருவர் சாட்சியாவது நல்லது. ஒரு பிள்ளைக்குக் கொடுக்காமல் விடுவதாயின் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். ஐயத்துக்கு இடமான உயிலாயின், அந்த ஐயத்தைத் தீர்க்கும் கடமை உயிலைக் கொண்டு வருபவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1958 நவம்பரில் ஒரு வழக்கில் கூறிற்று. இன்றும் உயில் வழக்குகளில் அத்தீர்ப்பே வழிகாட்டி. ஒரே மகன் மட்டும் உடனிருந்து, படுக்கையில் கிடக்கும் தந்தையிடம் வாங்கிய உயில், அவனுக்கே தொல்லையாய் முடிவதன் காரணம் இதுதான்.

உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் செய்வது நன்று. காணாமற்போனாலும் பதிவகத்தில் படி இருக்கும். அதற்குக் காலவரையும் இல்லை. பதிந்த உயிலையும் எழுதியவர் தம் வாழ்நாளில் எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றலாம். முறைப்படி எழுதிய கடைசி உயிலே செல்லும்.

உயில் எழுதும் உரிமைக்கும் எல்லை உண்டு. ஒருவர் தமக்கு உரியதை மட்டுமே எழுத முடியும். வீடு பாட்டியின் பெயரில் இருக்கத் தாத்தா அதை எழுதி வைப்பதில் பயன் இல்லை. முஸ்லிம் ஒருவர் தம் வாரிசுகளின் இசைவின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க இயலாது. கிறித்தவர் ஒருவர் உயில் எழுதிய பின் மணம் செய்துகொண்டால் அந்த உயில் தானே செல்லாததாகிவிடும். அவர் மீண்டும் எழுத வேண்டும்.

உயில் வேறு, தானப் பத்திரம் வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உயில், எழுதியவர் இறந்த பின்பே உயிர் பெறும். அதுவரை வீடு அவருடையது. தானப் பத்திரமும் செட்டில்மெண்டுப் பத்திரமும் அப்படி அல்ல. பதிவு செய்து ஒப்புக்கொடுத்தபின் பெற்றவரே உரிமையாளர். 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று கொடுத்துவிட்டு, சொந்த வீட்டிலேயே விருந்தாளியாய் நிற்கும் முதியோர் உண்டு. பேணிக் காப்பேன் என்ற நிபந்தனையோடு வாங்கிக்கொண்டு கைவிட்டவரிடமிருந்து சொத்தை மீட்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழி செய்கிறது. ஆயினும் அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால்தான் வாதாடுவது எளிது. ஆகையால் பாட்டியோ தாயோ வீட்டைக் கொடுக்க விரும்பினால், உயிலே அவர்களுக்குக் காவல் என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

நம்மைத் தேடி வரும் தாள்கள்

இனி, ஊரிலிருந்து வரும் தாள் எது என்று பார்ப்போம். அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது விடுதலைப் பத்திரம். 'என் பங்கை இன்னாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்' என்பது அதன் பொருள். வீடு, நிலம் பற்றிய விடுதலை பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். கடிதத்தில் 'எனக்கு வேண்டாம்' என்று எழுதிவிடுவதால் பங்கு போய்விடாது. ஆனால் பதிவு செய்துவிட்டால், 'படிக்காமல் போட்டேன்' என்று பிறகு சொல்வது அநேகமாக எடுபடாது. விட்டுக்கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. தாயைப் பேணிய தம்பிக்கு அக்காள் மனமுவந்து விட்டுக்கொடுப்பது உயர்ந்த செயல். பங்கு எவ்வளவு, வீட்டின் மதிப்பு எவ்வளவு என்று அறிந்து கொடுத்தால் அது கொடை. அறியாமல் கொடுத்தால் அது இழப்பு.

இரண்டாவது அதிகாரப் பத்திரம். பவர் என்று வழக்கில் சொல்வது. நாம் ஊருக்குப் போக இயலாதபோது நமக்குப் பதிலாகக் கையெழுத்து இட ஒருவரை அமர்த்துவது இது. இதற்காக ஊருக்கு ஓட வேண்டியதில்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் பகுதியின் சார்பதிவாளர் முன்னிலையிலேயே, அதாவது தில்லியிலேயே, இதை எழுதிச் சான்று பெறலாம். ஆனால் 'எல்லாச் சொத்துக்களையும், எல்லா வகையிலும்' என்று பொது அதிகாரம் கொடுத்துவிடாதீர்கள். இந்த வீடு, இந்த ஒரு செயல், இன்ன நாள்வரை என்று வரையறுத்துத் தனி அதிகாரமாகக் கொடுங்கள். விற்கும் அதிகாரம் கொடுத்தால் பணம் யார் கணக்கில் சேர வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

தலைநகரில் வாழும் நமக்கு இதில் மற்றொரு பாடமும் உண்டு. கிரயப் பத்திரம் இல்லாமல், விற்பனை ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம், உயில் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து வீட்டை விற்பது தில்லியில் நெடுநாளைய வழக்கம். இம்முறையில் உரிமை மாறாது. பதிவு செய்த கிரயப் பத்திரம் ஒன்றினாலேயே மாறும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் அறுதியிட்டுக் கூறிவிட்டது. படிப்பு முடிந்து இங்கேயே வேலையில் அமர்ந்து, 'விலை மலிவு, பவரில் முடித்துவிடலாம்' என்று யாரேனும் வீடு காட்டினால், இத்தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

18 வயதை அண்மையில் கடந்தவர்களுக்கு ஒரு செய்தி. இந்துக் குடும்பத்தில், தனியே உங்களுக்கென்று இருந்த வீட்டையோ நிலத்தையோ நீங்கள் சிறுவராய் இருந்தபோது பெற்றோர் நீதிமன்ற அனுமதியின்றி விற்றிருந்தால், அந்த விற்பனையை மறுத்து வழக்கிடும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் வயதடைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். 21 வயது கடந்தால் அந்த வாயில் மூடிவிடும். கூட்டுக் குடும்பச் சொத்துக்கு விதி வேறு.

வாங்கும்போதும் விற்கும்போதும்

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடோ மனையோ பதிவு செய்த கிரயப் பத்திரத்தால் மட்டுமே விற்கப்படும் என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். முன்பணம் கொடுத்து எழுதும் விற்பனை ஒப்பந்தம் உரிமையை மாற்றுவதில்லை. விற்கச் செய்யும்படி கேட்கும் உரிமையையே தருகிறது. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

பட்டா இருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது, மின்சார இணைப்பும் அவர் பெயரில் இருக்கிறது என்று காட்டுவார்கள். இவை துணைச் சான்றுகளே. வருவாய்த் துறைப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடார் என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை கூறிய கருத்து. வங்கிக் கணக்கில் நியமனதாரராகக் குறிக்கப்பட்டவரும் அப்படித்தான். பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு; ஆனால் அதை வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர் அவர்.

ஆகவே வாங்குவோர் பார்க்க வேண்டியவை இவை: விற்பவருக்கு அச்சொத்து எப்படி வந்தது என்பதைக் காட்டும் மூலப் பத்திரங்கள், இடையில் ஒரு கண்ணியும் விடுபடாமல். அவற்றின் அசலைக் காண வேண்டும். அசலை ஈடாக வைத்துக் கடன் வாங்கியிருந்தால் நகலில் தெரியாது. அடுத்து, 30 ஆண்டுக்கேனும் வில்லங்கச் சான்று. தமிழ்நாட்டுப் பதிவுத் துறையின் இணையதளத்தில் இதை விடுதி அறையில் இருந்தபடியே பார்க்கலாம். ஆனால் வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் சொல்லிவிடாது. உயில்கள் வேறு புத்தகத்தில் பதியப்படுவதால் அவை அதில் வாரா. பதிவு செய்யாத உரிமைகளும் வாரா. விற்பவரின் தந்தை பெயரில் பத்திரம் இருந்தால், வாரிசுச் சான்றிதழைக் கேட்டு, அதில் உள்ள அனைவரும், மணமாகிப் போன பெண்களும், கையெழுத்து இடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். முன்சொன்ன திருச்சி வீட்டைச் சித்தப்பா ஒருவர் மட்டும் விற்றால், வாங்கியவருக்குச் சேர்வது அவருடைய நான்கில் ஒரு பங்கு மட்டுமே. பதிவாகிவிட்டது என்பதால் இல்லாத உரிமை உண்டாகிவிடாது.

செலவுக் கணக்கையும் மறக்கலாகாது. தமிழ்நாட்டில் 2023-இல் வந்த மாற்றத்தின்படி கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 20 இலட்ச ரூபாய் வீட்டுக்கு 1,80,000 ரூபாய். இதைக் குறைக்க எண்ணிப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவோர், பின்னாளில் வழக்கு வந்தால் கொடுத்த பணத்தை மெய்ப்பிக்க முடியாமல் திண்டாடுவார்கள்.

இந்த விடுமுறையில்

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் நாட்டுப் பழமொழி. அன்பு இருக்கும்போதே கணக்கைத் தெளிவாக்கிக் கொண்டால் அன்பு நிலைக்கும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது மூன்று கேள்விகளை வீட்டில் கேளுங்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது? மூலப் பத்திரம் எங்கே இருக்கிறது? உயில் எழுதியிருக்கிறதா? அம்மாவும் அக்காளும் தங்கையும் உடன் இருக்கும்போது கேளுங்கள். சொத்துப் பேச்சு எழுந்தவுடன் பெண்கள் அடுக்களைக்குள் போய்விடும் வழக்கத்தை நம் தலைமுறையாவது நிறுத்த வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று வாளாவிருக்க வேண்டா. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு. அங்கே வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும், ஆதிதிராவிடர் பழங்குடியினர்க்கும், குறைந்த வருமானம் உடைய மற்றவர்க்கும் இலவசமாகச் சட்ட உதவி கிடைக்கும். பங்கு கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு அடைபட்டுவிடுமோ என்று அஞ்சி வாய் திறவாமல் இருக்கும் அத்தைமார் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அவர்களிடமும் ஒரு விடுதலைப் பத்திரம் போய்ச் சேரும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துச் சொல்ல அவர்களுக்குப் படித்த பிள்ளை ஒருவன் வேண்டும். அதைச் செய்ய நாம் வழக்கறிஞராக வேண்டியதில்லை.